கட்டிலுக்கடியில் சிலிண்டர்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் மாமாவுக்கு ஓர் அடுப்புக்கடை இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. போர்டில் அடுப்பு, டியூப், ரெகுலேட்டர் என்று என்னென்னவோ எழுதியிருக்கும். வியாபாரம் நடந்ததெல்லாம் சின்ன காஸ் சிலிண்டரில்தான். கம்பெனி வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கிய பையன்களும் தள்ளுவண்டி டிபன்காரர்களும் காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்கிப் போவார்கள். வாரம் ஏழு நாளும் கடை. தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார், பாவி மனுஷன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது அவர் இல்லை, சர்க்கரை வியாதி கொண்டுபோய்விட்டது. இன்றைக்கும் சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிச் சத்தம் கேட்டால் நான் வாசலைத்தான் பார்க்கிறேன்.

கடையில் இவ்வளவு சிலிண்டருக்கு மேல் வைக்கக் கூடாது, வைத்தால் எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், காற்றோட்டமான கொட்டகை தனியாக வேண்டும் என்பது சட்டம். மாமாவின் கடையில் அவர் நிற்கவே இடம் கிடையாது, கொட்டகைக்கு எங்கே போவது? அவர் மட்டுமா, அந்த ரோட்டில் சிலிண்டர் விற்ற அத்தனை பேரும் குறைத்துத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். செக்கிங் வருகிறது என்று மோப்பம் பிடித்தால் கடைக்குக் கடை போன் பறக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்பதுதான் சேதி. உடனே ஷட்டர் இறங்கும். அதிகப்படி சிலிண்டர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு மீன்பாடி வண்டியில் ஏறி, அவரவர் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்தாடப் புறப்பட்டுவிடும்.

மாமாவின் சிலிண்டர்கள் மாங்காட்டில் எங்கள் வீட்டுக்கு வரும். நானும் அம்மாவும் படுக்கிற பெரிய கட்டிலுக்கடியில் அவற்றை உருட்டிவிட்டு, அம்மாவின் பழைய புடவையைத் தொங்கவிட்டு மறைப்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா பகலில் அதே கட்டிலில் குறட்டை விடுவார். ஆபத்து என்பது ஜீப்பில் வருகிற ஆபீசர்தான் என்று எங்கள் குடும்பமே மனதார நம்பியது. ஜீப் போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது.

ஆனால் எனக்கு அது திருவிழா. கடையை மூடியிருப்பதால் ஜீப் திரும்பிப் போகும்வரை மாமாவுக்கு எங்கள் வீட்டில்தான் வாசம். எனக்கு அன்றைக்கென்று வயிற்றுவலி வந்து பள்ளிக்கூடம் நின்றுவிடும். மாமா ஒரு சிலிண்டரைக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போய், தலையில் பர்னரைத் திருகி, வெங்காயம் நிறையப் போட்டு முட்டை கலக்கி ஊற்றித் தருவார். தாயக்கட்டையில் அழுகுணி ஆட்டம் ஆடுவார். பின்னிவிடுகிறேன் பேர்வழி என்று என் தலைமுடியைச் சிக்கலாக்கி அம்மாவிடம் திட்டு வாங்குவார். வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சியம்மன் சந்நிதியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சீக்கிரம் செக்கிங் வரணும் தாயே என்று வேண்டிக்கொள்வேன். மாமாவின் பிழைப்பே கெடுகிற வேண்டுதல் அது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக அவர் வந்து தங்கிய மறுநாள் காலை நன்றாக நினைவிருக்கிறது. மொட்டை மாடியில் படுத்திருந்த மாமா கீழே வந்ததும் மூக்கைச் சுளித்தார். அம்மா அது சாக்கடை நாற்றம் என்றாள். மாமா குனிந்து புடவையை விலக்கினார். அங்கே, சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, கொசுவத்தி எரிந்து முடிந்து வட்டமாகச் சாம்பல் கிடந்தது.

"இன்னாக்கா இது?"

"கொசு புடுங்குதுடா. கொளுத்தி வெக்காட்டி புள்ள எப்டி தூங்கும்? டெய்லி வெக்கிறதுதான்."

இன்னும் பாதி தூக்கத்தில் இருந்த என்னை மாமா அப்படியே தூக்கி வாசலில் உட்காரவைத்தார். எல்லா சிலிண்டர்களையும் கொல்லைக்குக் கொண்டுபோய், சோப்பைக் கரைத்து, காஸ் கசிகிறதா என்று ஒவ்வொன்றின் வாயிலும் நுரையைத் தடவினார். ஒன்றில் மட்டும் குமிழ் வந்தது. சின்னச் சின்னதாக, வந்துகொண்டே இருந்தது. நான் கொல்லைக்கு ஓடி, ஐயோ எவ்வளவு அழகு என்று கைதட்டினேன். இன்னும் விடு மாமா, இன்னும் விடு என்று குதித்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி முழுக்க ஜன்னல் திறந்திருந்ததால் பிழைத்தோம். மாமா என் உச்சந்தலையில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. பின்னிவிடப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. அடுத்த செக்கிங் சேதி அம்மாவுக்கு எட்டியபோது நான் புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்றேன். எத்தனையோ வண்டி போயிற்று. மாமா வண்டி மட்டும் வரவில்லை. சாயங்காலம் அழுது அடம்பிடித்து அம்மாவை போன் போடவைத்து அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இருக்கிறத இருக்கிறபடி எழுதிக் குடுத்துட்டேன் பாப்பா. அதிகமா இர்ந்த சிலிண்டர ஆபீசருங்க எடுத்துகினு போய்ட்டாங்கோ. இனிமே கடைய மூடிகினு ஓட வேணாம்" என்றார்.

அவருக்குப் பின்னால் யாரோ உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் உண்மையைச் சொல்லப்போய் அதிகாரிகள் ரோடு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்களாம். மற்றக் கடைக்காரர்களுக்குக் கோபம். மாமாவின் வியாபாரமும் பாதிக்கு மேல் படுத்துவிட்டது. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னது. அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே கவலைதான்.

"சிலிண்டர் வேணாம் மாமா. நீ மட்டும் வா."



"கடைய தொறந்து வெச்சிகினு கீறேனே கண்ணு. எப்டி வர்றது?"

நான் போனைக் கட்டிலில் வீசிவிட்டேன். மாமாவுக்கு என்மேல் ஆசையே கிடையாது, அவருக்குக் கடைதான் பெரிசு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தாள். மாமா வராததற்கு நான்தானே அழவேண்டும், இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.