கேஸட்டில் வந்த பதில்

இந்தப் பக்கத்தில் அவ்வப்போது கச்சேரிகளைப் பற்றி எழுதுகிறேன் அல்லவா? அதற்குத் தண்டனை கிடைத்துவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு சவரிராயன், டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி பிலோமினா அம்மா.

"தம்பி, இதைக் கேட்டுட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. சரிங்குதா, வேணாங்குதா?"

"யாருங்க?"

"ரோசலிதான். வேற யாரு!"

ரோசலி அவர்களுடைய ஒரே பெண். பிரான்சில் ஆஸ்பத்திரி வேலை. சவரிராயன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். காரைக்காலில் இப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். சொல்தா வீட்டுப் பெண் என்றால் பாரிசுக்குப் பறக்கும் ஆசையில் மாப்பிள்ளைகள் க்யூவில் நிற்பார்கள். ஆனால் இவர் தேடியது உல்ட்டா. விமானமே ஏறமாட்டேன் என்கிற மாப்பிள்ளை! பெண் ஊருக்குத் திரும்பி வரவேண்டுமே...

தேடி, கோட்டுச்சேரியில் ஒருவரைப் பிடித்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் நிலம், நல்ல குடும்பம். 'சம்மதமா?' என்று மகளுக்குக் கடிதம் எழுதினார். பதிலுக்கு வந்தது ஒரு கேஸட். துண்டுச் சீட்டுகூட இல்லை.

போட்டுக் கேட்டோம். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. மாண்டலின்... மாண்டலின்... மாண்டலின். சின்னது, பெரியது, தொண்டை கட்டின மாதிரி ஒன்று — அத்தனையும் மாண்டலின். ரோசலி சேர்ந்திருக்கும் குழு புதிதாகப் போட்ட ஆல்பமாம்.

முதலில் ஜாம்ஜாமென்று ஒரு மார்ச். "கல்யாண ஊர்வலம் மாதிரி இல்ல?" என்று சவரிராயன் முகம் மலர்ந்தார்.

அடுத்தது கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு சோகம். "ஏங்க, பிள்ளை அழுவுதுங்க" என்று பிலோமினா அம்மா முந்தானையை எடுத்துவிட்டார்.

பிறகு ஜோடியாக ஆடுகிற டான்ஸ் மெட்டு. அது சம்மதமா? அதற்குப் பிறகு தறிகெட்டு ஓடுகிற ஏதோ ஒரு நாட்டு கிராமிய மெட்டு. அது கோபமா? நடுவில் ஒன்று மோகன ராகம் போலவே வந்தது. ஆகா, நம்ம சங்கதி என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சவரிராயன் அட்டையைப் படித்தார். "சீனத்துப் பாட்டுன்னு போட்டிருக்கு தம்பி."

மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கமும் முடிந்தது. அவர் 'சரி' என்றார், அவர் மனைவி 'வேணாம்' என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காபி போடச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். வேறென்ன செய்வது?

மறுநாள் தபாலாபீசில் பிரான்சுக்கு கால் புக் பண்ணி, வெகுநேரம் காத்திருந்து லைன் கிடைத்தது.

"எந்தக் கடுதாசிப்பா?" என்றாளாம் ரோசலி. "எனக்கு எதுவும் வரலையே!"

அப்பா கடிதம் போய்ச் சேருவதற்கு முன்பே அவள் கேஸட்டை அனுப்பியிருக்கிறாள்! பதிலே இல்லை அது!

சவரிராயன் அவசர அவசரமாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவளிடமிருந்து ஒரு கேள்வி.

"அவரு எங்க கேஸட்டைக் கேட்டாராப்பா?"

"அவரு எதுக்கும்மா கேக்கணும்?"

"முதல்ல கேக்கச் சொல்லுங்க."

லைன் கட்.

இதற்கு என்ன அர்த்தம்? தட்டிக்கழிக்கிறாளா? பரீட்சை வைக்கிறாளா? சவரிராயனுக்குப் புரியவில்லை. ஆனால் பட்டாளத்துக்காரர், சொன்னதைச் செய்வார். அடுத்த ஞாயிறு டேப் ரெக்கார்டரும் நானுமாகக் கோட்டுச்சேரி பஸ்ஸில் ஏறினோம்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பக்கமும் கேட்டார். நடுவில் அவருடைய அம்மா, "இதுல பொண்ணு வாசிக்கிறது எதுங்க?" என்றார். யாருக்குத் தெரியும்? எல்லாம் சேர்ந்தல்லவா கேட்கிறது! சவரிராயன் அட்டைப் படத்தைக் காட்டினார். ஒரு பெரிய கூட்டம். எல்லோர் மடியிலும் மாண்டலின். வெள்ளை முகங்களுக்கு நடுவே, பல் தெரியச் சிரித்துக்கொண்டு ரோசலி.

மாப்பிள்ளை அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இத்தனை பேரு கூட உக்காந்து வாசிக்கிற பொண்ணை இங்க கூட்டியாந்து, ஒத்தையில என்னங்க வாசிக்கச் சொல்றது? எனக்கு மனசு ஒப்பலைங்க."

அவ்வளவுதான். அவருடைய அம்மா பதறிப்போய் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை மசியவில்லை. பஸ் ஸ்டாப்வரை வந்து எங்களை ஏற்றிவிட்டுத்தான் போனார்.

பஸ்ஸில் பாதி வழியில் சவரிராயன் மெல்லக் கேட்டார்.

"வேணாம்னு சொல்லிட்டாரு. அப்புறம் ஏன் தம்பி எனக்கு இவரைத்தான் புடிக்குது?"

எனக்கும் அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டதே!

திரும்பவும் தபாலாபீஸ், இந்தத் தடவை மூன்று பேருமாக. நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் மகளிடம் ஒப்பித்தார். "மறுத்துட்டாரும்மா. நீ கவலைப்படாதே. உன் இஷ்டப்படி அங்கேயே இரு" என்றார். அந்தக் கடைசி வரியைச் சொல்லி முடிக்க அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

லைன் போய்விட்டதோ என்று அவர் ரிசீவரைத் தட்டினார். அப்போது ரோசலி கேட்டிருக்கிறாள்:

"அவரு பேரு என்னப்பா?"

இத்தனை நாளும் 'மாப்பிள்ளை' 'மாப்பிள்ளை' என்றே சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்குப் பேர் மறந்துபோய்விட்டது! திருதிருவென்று என்னைப் பார்க்கிறார். பிலோமினா அம்மா ரிசீவரைப் பிடுங்கி, தபாலாபீஸே திரும்பிப் பார்க்கும்படி அந்தப் பேரைக் கத்தினார்.

சரிங்கிறாளா, வேணாங்கிறாளா? இன்றைய தேதிவரை எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. ஆனால் பிலோமினா அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார்.