ஒரே அக்கவுண்டில் ஒரு குடும்பம்

1. போன்

“அருள், கொஞ்சம் உடனே வரணும். ஒரு விஷயத்தை யார் டைப் பண்ணாங்கன்னு எனக்குத் தெரியணும்.”

முடிச்சூரிலிருந்து சுந்தரேசன் சார் பேசினார். நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் என் கடையில் ஒரு லேப்டாப்பின் கீபோர்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது. நெட் வரவில்லை என்பார்கள், பிரிண்டர் ஓடவில்லை என்பார்கள். யார் டைப் செய்தார்கள் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் குரலும் சரியாக இல்லை. கீபோர்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி லலிதா மேடம். ஒரே மகள் பிரியா, சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. பிரியாவுக்கு வரன் அமைந்து, மூன்று மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அந்த வீட்டில் நான் செய்து வைத்திருந்ததை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2015 வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுகியது. கம்ப்யூட்டரும் முழுகியது. அதில்தான் பிரியாவின் சின்ன வயசு போட்டோக்கள் எல்லாம் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என்னென்னவோ செய்து பார்த்தேன், ஒன்றும் மீளவில்லை. புது சிஸ்டம் போடும்போது சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இனிமே எதுவும் தொலையக் கூடாது அருள்.”

அவர் பெயரில் ஒரு அக்கவுண்ட் திறந்து, வீட்டிலிருந்த எல்லா போனையும் லேப்டாப்பையும் அதிலேயே லாகின் செய்தேன். பிற்பாடு ஸ்மார்ட் டிவி வந்தபோது அதையும் சேர்த்தேன். சிங்க் ஆன், அதாவது ஒன்றில் செய்வது மற்றவற்றிலும் பதிவாகும். பாஸ்வேர்டு சேவ். ஒரு போன் உடைந்தால் புதுப் போனில் எல்லாம் தானாக வந்துவிடும். முடிச்சூரில் எத்தனையோ வீடுகளுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். அடிக்கடி போன் செய்து தொந்தரவு செய்யமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

எந்தப் பிரவுசர், எந்த சர்ச் என்ஜின் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போனோடு எது வந்ததோ அது. எதெதற்கெல்லாம் அனுமதி கேட்டதோ எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

2. பட்டியல்

சார் என்னை முன்னறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மேடம் சமையலறையில் இருந்தார்.

“மெதுவா பேசுங்க. லலிதாவுக்குத் தெரியக் கூடாது. அவ தாங்க மாட்டா” என்றார்.

முந்தின நாள் கல்யாண மண்டபம் பார்ப்பதற்காகத் தன் போனில் ‘ம’ என்று தட்டியிருக்கிறார். கீழே வரிசையாகப் பழைய தேடல்கள் விழுந்திருக்கின்றன. என்னிடம் போனை நீட்டினார். நானும் ‘ம’ என்று தட்டினேன்.

மார்பில் வலியில்லாத கட்டி.

மார்பு கட்டி ஆபரேஷன் எத்தனை நாள் படுக்கை.

மார்பு கட்டி மூன்று மாதம் தள்ளிப் போடலாமா.

“மூணு மாசம்னு போட்டிருக்கு பாருங்க” என்றார் சார். “கல்யாணத்துக்கு மூணு மாசம்தான் இருக்கு. பிரியா மறைக்கிறா. கல்யாணம் முடியட்டும்னு பார்க்கிறா. போன வாரம் ரெண்டு நாள் லீவு போட்டா, ஏன்னு கேட்டதுக்கு டயர்டா இருக்குப்பான்னா.”

“நேரா கேட்டீங்களா சார்?”

“அப்பன்காரன் இதை எப்படிங்க பொண்ணுகிட்ட கேப்பேன்? ஆனா மறைச்சுக் கல்யாணம் பண்ண என்னால முடியாது. சாயங்காலம் பையன் வீட்டுக்குப் போன் போட்டு, கல்யாணத்தை இப்ப வேண்டாம்னு சொல்லிடப் போறேன். அதுக்கு முன்னாடி அவதான்னு எனக்கு உறுதியா தெரியணும். உங்களால பார்க்க முடியுமா, முடியாதா?”

முடியும். ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்தால் எந்தத் தேடல், எத்தனை மணி, எந்த போனிலிருந்து என்று எல்லாம் இருக்கும். அந்த போன்களுக்கெல்லாம் பெயர் வைத்ததும் நான்தான்.

திறந்தேன். மூன்று வாரத்துத் தேடல்கள் இருந்தன. எல்லாம் பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், சார் லைப்ரரிக்குப் போகும் நேரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘லலிதா மேடம் போன்’ என்று போட்டிருந்தது.

ஒருவருடைய உடம்பில் இருக்கும் கட்டி அவர் கணவருக்குத் தெரியவில்லை, மகளுக்குத் தெரியவில்லை. ரூட்டர் மாட்டிக் கொடுக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கவே கூடாது. பார்த்தாகிவிட்டது.

அந்த நேரம் கதவு திறந்து மேடம் காபியோடு வந்தார். “இந்த வெயில்ல ஏன் இவரை வரச் சொன்னீங்க? நெட் நல்லாத்தானே இருக்கு” என்று சாரிடம் கேட்டார். டம்ளரை என் கையில் கொடுக்கும்போது அவர் கண் போன் திரையில் பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் திரையை அணைத்தேன்.

அவர் போனபின் சார் என்னைப் பார்த்தார். சொன்னால் மேடத்தின் ரகசியத்தை உடைத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் சாயங்காலம் ஒரு கல்யாணம் நின்றுவிடும், ஒரு பாவமும் அறியாத பெண் மேல் பழி விழும்.

“பத்து நிமிஷம் குடுங்க சார். ரூட்டரையும் பார்க்கணும்” என்றேன். ரூட்டர் சமையலறையை ஒட்டிய சுவரில் இருந்தது.

3. சமையலறை

மேடம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

“மேடம், உங்க போன்ல நீங்க தேடினதெல்லாம் சார் போன்லயும் வருது.”

“எதெல்லாம்?”

“கட்டி பத்தித் தேடினீங்களே, அது.”

கீரைக்கட்டைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவருக்கு நான் சொன்னது முதலில் புரியவே இல்லை.

“நான் யார்கிட்டயும் சொல்லலையே” என்றார். “டைப்தானே பண்ணேன்.”

“எல்லார் போனையும் ஒரே அக்கவுண்ட்ல போட்டது நான்தான் மேடம். தப்பு என்னுது” என்றேன்.

“அவருக்குத் தெரியுமா?”

“பிரியான்னு நினைச்சுக்கிட்டிருக்கார். கல்யாணம் வேண்டாம்னு சாயங்காலம் பையன் வீட்டுக்குச் சொல்லப் போறார். நான் இன்னும் எதுவும் சொல்லல.”

மேடம் குழாயைத் திறந்து கை கழுவினார். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டி முன்னறைக்குப் போனார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

“பிரியா இல்லைங்க. நான்தான்” என்று சொல்வது கேட்டது.

பிறகு சார் பேசினார். “மூணு வாரமா என் போன்ல ஸ்கேன் சென்டர் விளம்பரமா வந்துக்கிட்டிருந்துது லலிதா. ஹாஸ்பிடல் விளம்பரமா வந்துது. நான் பாட்டுக்கு மூடி மூடி விட்டுக்கிட்டிருந்தேன்.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் ரொம்ப நேரம் கேட் பக்கத்திலேயே நின்றேன். பெயர் தெரியாத ஒரு விளம்பரக் கம்பெனிக்கு மூன்று வாரம் முன்பே தெரிந்த சங்கதி, ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் மனுஷனுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. முப்பது வருஷம் இதே தொழிலில் இருந்தும், நான் மாட்டிக் கொடுத்தது என்ன வேலை செய்கிறது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

4. லலிதா மேடம் கேட்டது

கட்டி புற்றுதான். ஆரம்ப நிலை. ஆபரேஷன் நடந்தது. பையன் வீட்டாரிடம் உள்ளதைச் சொன்னார்கள். அவர்கள் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். எனக்கும் பத்திரிகை வந்தது. போய் மொய் எழுதிவிட்டு, அவர் எதிரில் போகாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். “என் போனை எனக்குன்னு போட்டுக் குடுங்க” என்றார்.

போனேன். முதலில் அவர் போனிலிருந்து சாரின் அக்கவுண்டை எடுத்தேன். அவர் பெயரில் தனியாக ஒன்று திறந்து, பாஸ்வேர்டை அவரையே தட்டச் சொல்லி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு முதல் தடவையாக, என் தொழிலில் முதல் தடவையாக, ஒரு வாடிக்கையாளரிடம் உட்கார்ந்து சொன்னேன். பிரவுசர் என்றால் நாம் நெட்டைப் பார்க்கும் ஜன்னல். சில ஜன்னல்கள் நாம் எந்தப் பக்கம் போனாலும் விளம்பரக்காரர்கள் பின்னாலேயே வருவதற்கு வழி விடும். சில அவர்களைத் தடுக்கும். சர்ச் என்ஜினும் அப்படித்தான். ஒன்று நீங்கள் யார் என்று குறித்து வைத்துக்கொண்டே தேடித்தரும், இன்னொன்று குறிக்காமல் தேடித்தரும். குறிக்காததில் தமிழில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கலாம்.

“இந்தக் கறுப்புப் பக்கம் ஒண்ணு இருக்கே, அதுல தேடினா யாருக்கும் தெரியாதுன்னு பிரியா சொன்னா” என்றார். பிரவுசரிலேயே இருக்கும் ‘ப்ரைவேட்’ பக்கத்தைத்தான் சொன்னார்.

“அது உங்க போன்ல மட்டும்தான் தடயம் வைக்காது மேடம். நீங்க போற சைட்டுக்கும் நெட் குடுக்கிற கம்பெனிக்கும் நீங்க போறது தெரியும்.”

யோசித்தார். ரயில் நேரம், சமையல், சீரியல் இவற்றுக்குப் பழையதே இருக்கட்டும் என்றார். “மத்ததுக்கு அந்தக் குறிச்சு வைக்காததைப் போடுங்க. அதுக்கு லொகேஷன், மைக் எதுவும் வேண்டாம்.” ஒவ்வொரு அனுமதிக்கும் அவர் படித்துப் பார்த்து அவரே ‘வேண்டாம்’ அழுத்தினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

நடுவில் சார் வந்து உட்கார்ந்தார். “ஒரு விதத்துல நல்லதுதான் அருள். நீங்க அப்படிப் போட்டு வெக்காம இருந்திருந்தா இவ வாயே திறந்திருக்க மாட்டா” என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார்.

மேடம் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சொல்லியிருப்பேன்” என்றார். “டாக்டர்கிட்ட தனியா போறதுக்கு நாள் வாங்கி வெச்சிருந்தேன். போய்ட்டு வந்து சொல்றதா இருந்தேன். நானா சொல்லியிருப்பேன்.”

சாருக்கு அந்த நாள் வாங்கியிருந்த விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

5. என் வீடு

வீட்டுக்கு வந்து என் மனைவி ஸ்டெல்லாவிடம் பெயர் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை செய்கிறாள். கேட்டுவிட்டு, “நம்ம வூட்லயும் அப்டித்தானே போட்டு வெச்சிக்கினு கீற” என்றாள்.

உண்மைதான். அவள் போனும் என் அக்கவுண்டில்தான் இருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை.

“ஆமா, ஆனா உன்னோட தேடல் எதுவும் என் போன்ல வந்ததே இல்லையே” என்றேன்.

“எப்டி வரும்? ஒரு தபா உன் போன்ல நான் தேடின புடவை வந்து நின்னுச்சு. அப்பவே தெரிஞ்சி போச்சி. அத்தோட நான் எதையும் தேடுறதே இல்ல.”

“எத்தனை நாளா?”

“வருசக்கணக்கா ஆச்சி” என்றாள். அவள் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

இன்னொரு வீட்டில் நடந்ததைப் பார்த்து அதிர்ந்துபோய் வந்தவனுக்கு, தன் வீட்டில் ஒருத்தி வருஷக்கணக்காக வாய்மூடி இருந்தது தெரியவில்லை. அவளுக்கு என்னென்ன கேள்விகள் இருந்திருக்கும், யாரிடம் கேட்டிருப்பாள், கேட்காமலே எத்தனையை விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே அவள் போனைக் கேட்டு வாங்கினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய போன் என்பதால் அதில் மற்றவர் தேடுவது அவருக்குச் சொந்தமாகிவிடாது. எந்தப் பிரவுசர், எந்த சர்ச் என்ஜின் என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர் அதில் தட்டப்போகிறவர். நமக்கு நேரமாகிறதே என்று அவருக்காக நாம் ‘ஓகே’ அழுத்தக் கூடாது. முடிச்சூரில் நான் செய்து கொடுத்த வீடுகளுக்கு இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சில வீடுகளில் பெண்கள் என்னைத் தெரு வரை வழியனுப்புவதுபோல் வந்து, மெதுவாக, “என் போனை மட்டும் மாத்திக் குடுங்கண்ணா” என்கிறார்கள்.

அன்று ஸ்டெல்லாவின் போனிலிருந்து என் அக்கவுண்டை எடுத்தேன். மேடத்துக்குப் போட்ட அதே பிரவுசரைப் போட்டு அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வெகுநேரம் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.