மூன்றாவது மகரந்தப்பை

எங்கள் பசுமைக்குடிலில் புல்லுக்குக் கல்யாணம் செய்துவைப்பவள் அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை, இருபது வருடமாய் அவள் கலப்பு செய்கிறாள், நான் தொட்டி கழுவுகிறேன்.

ஒரு புல் பூவுக்குள் எள்ளளவில் மூன்று மகரந்தப்பைகள். அவை வெடிக்குமுன் மூன்றையும் சாமணத்தால் பிடுங்கிவிட்டு, வேற்றினத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். பிறக்கும் செடியின் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்தால் இரண்டு புல்லும் சொந்தம். மலைப்புல்லும் சதுப்புப்புல்லும் சொந்தமா என்று பார்க்க ஏழு வருடம் மாரடித்தாள். எல்லாம் பதர்.

சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள், பாவிகள். மிஞ்சிய ஒரே சதுப்புப்புல் தொட்டியும் மகரந்தம் கொடுத்த கையோடு பட்டுப்போனது. அந்த மகரந்தத்தில் ஒரே ஒரு விதை முளைத்தது. இனி அதுதான் எல்லாம்.

அக்காவுக்குக் கண்ணில் புரை. சொன்னால் மேஜையை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று மறைத்தாள். "ஆபரேஷன் பண்ணிக்கோக்கா" என்றால், "இந்தப் பூ முடியட்டும்டா" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் யாரிடமும் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். பெரிய விசுவாசம்!

அந்தச் செடி விட்ட முதல் கதிருக்கு உறை மாட்டி, முற்றியதும் நான்தான் பிரித்தேன்.

"தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க? அச்சு அசல் மலைப்புல்லேதான்க்கா" என்றேன்.

"மணில வால் நீட்டிட்டிருக்கா? அப்பனுக்கு இருக்குமே."

"இல்லையே. மொழுமொழுன்னு இருக்கு."

"பதரா?"

"எல்லாம் குண்டு குண்டா ரொம்பியிருக்கு."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நெசமான கலப்புன்னா பதராத்தான் இருக்கணும். தாய்ப்பூவுல ஒரு மகரந்தப்பையை விட்டுட்டேன்டா. மலைப்புல்லு தன்னோட மகரந்தத்துலயே காய்ச்சிருக்கு. இதுக்கு அப்பனே கிடையாது."

அடுத்த கதிரை நுண்ணோக்கியில் பார்க்க அதிகாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"எல்லாம் ஜோடி சேரும். ரெண்டும் சொந்தம்னு எழுதிடுவாரு. அம்மாவுக்கு அம்மா சொந்தந்தானே."

"வேற வழியே இல்லையாக்கா?"

"சதுப்பு எங்கடா இருக்கு?"

அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தொட்டியில் குத்தியிருந்த அட்டையை உருவி, அப்பன் பெயரை அடித்துவிடப் பேனாவை எடுத்தாள். அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள். எந்த வரி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீயே அடிச்சிடுடா" என்று என்னிடம் நீட்டினாள். அடித்தேன்.