எல்லப்பன் சொன்னதை நான் சொல்லவில்லை

தண்டல் எல்லப்பன் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கோட்டை வாசலில் துணிப் பொதிகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். ஏரித் தீவான பசியாவரத்திலிருந்து படகில் வந்து இறங்கிய கோவிந்தன், இடது கையாலேயே தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, "ஐயா, நம்ம தண்டலு பூட்டாரு. காத்தால வலைய ஒதறிக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்போ இன்னைக்குப் படகு எதுவும் போகாதா?" என்று கேட்டேன். கோவிந்தன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். சே, இப்படியும் ஒரு வாய்!

எல்லப்பனை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கோட்டையில் துபாஷி. ஒல்லாந்துத் துரை சொல்வதை நம் ஆட்களுக்குத் தமிழிலும், நம் ஆட்கள் சொல்வதைத் துரைக்கு அவர் மொழியிலும் சொல்வது என் பிழைப்பு. எல்லப்பன் சரக்குப் படகுகளுக்குத் தண்டல். கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு, பழவேற்காட்டுக் கரையிலிருந்து முகத்துவாரம் வழியாகப் பொதிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் தலைவர். அந்தப் பன்னிரண்டு பேரும் ஏரியில் மீன்பிடிக்கிறவர்கள்தான். கப்பல் வரும் காலத்தில் மட்டும் படகுக்கு வருவார்கள்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி முறை வைத்துக்கொள்வார்களே, அந்தப் பாடு முறையைத்தான் எல்லப்பன் படகு வேலைக்கும் கொண்டுவந்தார். கப்பல் வந்ததும் எத்தனை நடை போய்வர வேண்டும் என்று கேட்டு, ஒரு பனைநார்க் கயிற்றில் அத்தனை முடிச்சுப் போட்டுப் படகுக் கொட்டகையில் கட்டிவிடுவார். நாலு நாளைக்கு ஒரு முறை விடிந்ததும் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு மணலில் உட்காருவார். பன்னிரண்டு பேரும் சுற்றி உட்காருவார்கள். "மணலு இன்னா சொல்லுது? யாருக்கு இன்னா வலி? ஒளிக்காத சொல்லுங்க" என்பார். எல்லோரும் பேசி முடித்த பிறகு சில முடிச்சுகளை அவிழ்ப்பார். சில சமயம் புதிதாகப் போடுவார். யார் எந்த வேலை பார்ப்பது என்பதும் அங்கேயே மாறும். பேச்சு முடியாவிட்டால், "அடுத்த தபா குந்தும்போது பேசிக்கலாம்" என்று எழுந்துவிடுவார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "என்ன எல்லப்பா, நேற்று ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சா?" என்று ஆட்கள் முன்னாலேயே கேலி செய்தேன். அவர் கோபப்படவில்லை. "கடலு தெனம் பேச்ச மாத்துது ஐயா, நான் மட்டும் இன்னாத்துக்குப் புடிச்சிக்கினு தொங்கணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது.

அவர் குறைக்க மட்டும்தான் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து முகத்துவாரம் ஆழமாகிவிட்டது. நான் கேட்காமலேயே ஆறு முடிச்சுகளைக் கூட்டிப் போட்டார். "வழி தொறந்து கீது, இப்ப வுட்டா எப்ப போறது?" என்றார். அந்தக் கப்பல் நாள் தவறாமல் கிளம்பியது. துரை என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லப்பன் பெயரை அங்கே சொல்லவே இல்லை.

இனி சொல்லப்போவதுதான் என்னை அறுக்கும் விஷயம். அதற்கடுத்த வருஷம் துரை, "எத்தனை நடை ஆகும்?" என்று கேட்டார். அவரை மலைக்க வைக்க வேண்டும் என்று நானாக "நாற்பது" என்றேன். எல்லப்பனிடம் "நாற்பது வேண்டுமாம், துரை உத்தரவு" என்றேன். அவர் நாற்பது முடிச்சுப் போட்டார். மூன்றாவது முறை உட்கார்ந்தபோது முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தது. நீர் ஏறும் நேரத்தில் மட்டும்தான் படகு கடக்க முடிந்தது. எல்லப்பன் எட்டு முடிச்சுகளை அவிழ்த்தார். தோள் வீங்கியிருந்த கோவிந்தனைத் துடுப்பிலிருந்து எடுத்துத் தண்ணீர் இறைக்கப் போட்டார். "முப்பத்திரண்டுதான் ஆவும் ஐயா. தொரைகிட்ட சொல்லிடுங்க. மழைக்கு முன்ன கப்பலு போவணும்ல" என்றார்.

நாற்பது என்று வீறாப்பாகச் சொன்ன வாயால் முப்பத்திரண்டு என்று எப்படிப் போய்ச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கப்பட்டேன் பாருங்கள்! கயிற்றை அவர் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "உட்கார்ந்து பேசுகிற நேரத்தில் ரெண்டு நடை போய்வரலாம். இனிமேல் கூட்டமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கோவிந்தன் துடுப்புக்கே போகட்டும். இதுவும் துரை உத்தரவு" என்றேன். வீட்டுக்குப் போய் அவிழ்ந்த எட்டு முடிச்சுகளையும் நானே திரும்பப் போட்டேன்.

நீர் வடியத் தொடங்கிய பிறகும் ஒரு நடை போகச் சொன்னேன். முகத்துவாரத்து மேட்டில் படகு தட்டி, அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்ந்தது. வீங்கிய தோளோடு துடுப்புப் போட்ட கோவிந்தனால் விலக முடியவில்லை. படகின் விளிம்புக்கும் பொதிக்கும் நடுவில் அவர் வலது கை நசுங்கியது. எல்லப்பன்தான் முழுகி அவரை இழுத்து வந்தார்.

மறுநாள் துரை எங்களைக் கோட்டை முற்றத்தில் நிறுத்தி, என்ன நடந்தது என்று கேட்டார். எல்லப்பன் நேராக நின்று சொன்னார்: "மணலு ஏறிப்போச்சு, முப்பத்திரண்டுக்கு மேல ஆவாதுனு அன்னிக்கே சொன்னோம். அது தொரைக்குத் தெரியுமானு கேளுங்க ஐயா."

நான் துரையிடம் திரும்பி, "மணல் ஏறியிருந்தும் படகைச் சரியாகப் பார்த்து ஓட்டவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்கிறார்" என்று அவர் மொழியில் சொன்னேன்.

துரை வருத்தத்தோடு, "மணல் ஏறியதை ஏன் முன்பே சொல்லவில்லை? நடையைக் குறைத்திருப்பேனே. மிச்சத்தை அடுத்த கப்பலில் அனுப்பியிருக்கலாமே. கேள் அவனிடம்" என்றார். அவ்வளவுதான் விஷயம்! நான் அன்றைக்கே துரையிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அதையும் நான் எல்லப்பனிடம் சொல்லவில்லை. துரை கடைசியாகச் சொன்னதை மட்டும் சொன்னேன்: "இனிமேல் நீ தண்டல் இல்லை." எல்லப்பன் துரையின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு நடந்து போனார்.

சில வருஷங்கள் கழித்துச் சந்தையில் எதிர்ப்பட்டார். கூடையில் இறால் வைத்திருந்தார். "அன்னிக்கி தொரைகிட்ட இன்னா சொன்னீங்க ஐயா?" என்று சாதாரணமாகக் கேட்டார். "நீ சொன்னதைத்தான்" என்றேன். "அப்டியா? செரி, அடுத்த தபா குந்தும்போது பேசிக்கலாம்" என்று சிரித்துவிட்டு, ஒரு கை இறாலை என் பையில் போட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன். வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

அவர் உடலை எடுத்த அன்று அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு பசியாவரம் போனேன். எல்லாம் முடிந்து படகுக்காரர்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கயிற்றை வைத்து, முற்றத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். கோவிந்தன்தான் பேசினார். "எங்களுக்குத் தெரியும் ஐயா. தொரை மூஞ்சியப் பாத்தே தண்டலு கண்டுபுடிச்சிட்டாரு. ஐயா ஒரு நாளு வந்து குந்துவாரு, அவரே சொல்லுவாருனு எங்க வாய அடைச்சிட்டாரு. நாலு நாளைக்கு ஒரு தபா குந்திக்கினுதான் இருந்தோம். நீங்கதான் வரல." சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், ஒரே கையாலும் பல்லாலும் அந்த எட்டு முடிச்சுகளை அவிழ்த்தார். கயிற்றை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் கோட்டைக்குப் போய்ச் சொன்னேன். பழைய துரை ஊர் திரும்பி வெகு காலமாகிறது. இப்போதிருப்பவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "யார் அந்த எல்லப்பன்?" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் கண் வெளியே நின்ற கப்பல் மேல் போயிற்று. "சரி, இந்தக் கப்பலுக்கு எத்தனை நடை?" என்று கேட்டார். ஒரு எண் நாக்கு நுனிவரை வந்தது. "தெரியாது, படகுக்காரர்களோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

எல்லப்பனுடையதாக என்னிடம் மிச்சமிருப்பது அவர் முற்றத்தில் நின்று சொன்ன அந்தப் பேச்சு மட்டும்தான். ஓர் எழுத்துப் பிசகாமல் ஒல்லாந்து மொழியில் இப்போது என்னால் அதைச் சொல்ல முடியும். அதைக் கேட்க வேண்டிய பழைய துரைதான் இங்கே இல்லை.