கேபிளக்காவின் இரண்டு தேர்வுகள்

நீங்கள் பட்டம் வாங்கி எத்தனை வருடம் ஆகிறது? அன்றிலிருந்து இன்றுவரை, அதில் படித்தது இன்னும் நினைவிருக்கிறதா என்று யாராவது உங்களைக் கேட்டதுண்டா?

கேட்டிருக்க மாட்டார்கள். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, பால் பாக்கெட்டுக்கு உண்டு, பட்டத்துக்குக் கிடையாது. ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால், உள்ளே இருக்கும் அறிவு புளித்துப் போனாலும் வெளியே கண்ணாடி பளபளத்துக்கொண்டிருக்கும். கேபிளக்காவிடம் இருந்தது வேறு வகைக் காகிதம். கணினி நெட்வொர்க் வேலையில் அவள் தேர்ச்சி பெற்றவள் என்று சொல்லும் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்றே வருடம். இரட்டை ஷிப்டுகளுக்கு நடுவே தேர்வைத் தள்ளித் தள்ளிப் போட்டதில், மூன்றாவது வருடத்தின் கடைசி மாதம் அவள் தலைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் பிண அறைக்கும் நடுவே இருந்தது அவள் வேலை பார்க்கும் அறை. ஜன்னல் கிடையாது. ஏசி இயந்திரங்களுக்காக ஓடியது. மனிதர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆளுயர இரும்பு அலமாரிகளில் சுவிட்ச்கள் அடுக்கியிருக்கும். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. மாடிதோறும் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டிகள். பச்சை விளக்கு சிமிட்டினால் பேச்சு நடக்கிறது. ஆரஞ்சு நிறம் வந்தால் எங்கோ தொண்டை அடைத்திருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, கூரைப் பலகைகளுக்கு மேலே தவழ்ந்து கேபிள் இழுக்கும் வேலைக்கு வந்தவள் அவள். "எல்லாரும் வேலையில மேல மேல ஏறுவாங்க. நான் கூரையில இருந்து பாதாளத்துக்கு எறங்கியிருக்கேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வார்டு நர்ஸுகள் வைத்த பெயர்தான் கேபிளக்கா. அவளுக்குச் சம்பளம் தந்தது மருத்துவமனை அல்ல, ஆள் அனுப்பும் ஒப்பந்தக் கம்பெனி.

அந்த மாதம்தான் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒப்பந்த ஆட்களில் சிலரை நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள். நெட்வொர்க் பிரிவில் ஒரே ஓர் இடம். தகுதி: பட்டம், அல்லது இந்த ஆண்டு பட்டப்படிப்பில் சேர்ந்ததற்கு அத்தாட்சி.

நிரந்தரம் என்ற சொல்லின் ருசி, அது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும். காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போகாது. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துக் குறி சொல்ல வேண்டியதில்லை. கேபிளக்கா அன்று மாலையே, வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கான கல்லூரி ஒன்றைத் தேடிப் பிடித்து நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். தேர்வு நாள் எது என்ற தகவல் வந்து சேர்ந்தது: ஞாயிறு, காலை பத்து மணி. சான்றிதழைப் புதுப்பிக்கும் தேர்வுக்கு அவள் பதிந்துவைத்திருந்ததும் அதே ஞாயிறு, அதே பத்து மணி. இரண்டு மையங்களும் நகரத்தின் இரண்டு கோடியில்.

சான்றிதழ்த் தேர்வு மையத்துக்குப் போன் போட்டாள். அடுத்த காலி இடம் சான்றிதழ் காலாவதியான பிறகுதான் என்றார்கள். கல்லூரிக்குப் போட்டாள். "எல்லாருக்கும் ஒரே நாள்தாம்மா. வேணும்னா அடுத்த வருஷம் வாங்க" என்றது ஒரு கொட்டாவிக் குரல்.

சான்றிதழ் செத்தால் கம்பெனி மறுநாளே அவள் பெயரை எடுத்துவிடும். ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருந்தது. நுழைவுத் தேர்வைத் தவறவிட்டால் நிரந்தர இடத்தில் வேறொருவர் வந்து உட்காருவார். அதன் பிறகு ஒப்பந்த ஆள் எதற்கு? ஒன்று இந்த மாதச் சோறு, மற்றது இனி வரும் காலத்துச் சோறு. எதைக் கொட்டுவது?

வீட்டில் பேச்சு எடுத்தாள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவருடைய அக்கா, மாடி வீட்டில் குடியிருக்கும் நாத்தனார், சரித்திர ஆசிரியை.

"லைசென்சு முடியப்போகுதுன்னா மொதல்ல லைசென்ச புதுப்பி" என்றார் கணவர். "நானும்தான் புதுப்பிக்கிறேன். வண்டி ஓட்றதுல பட்டம் வாங்கியிருக்கியான்னு எங்கிட்ட யாரும் கேட்டதில்ல."

"அதனாலதான்டா நீ இன்னும் வேன்லயே இருக்க" என்றார் நாத்தனார்.

"வேன் என்ன பாவம் பண்ணுச்சு? உன் ஸ்கூல் பிள்ளைங்கள தினமும் நான்தானே கொண்டாந்து கொட்டறேன்."

"கொட்டறேன்னு நீயே சொல்லிட்ட." நாத்தனார் இவள் பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா. நான் கைக்கொழந்தையோட தபால்ல படிச்சவ. எங்க மாமியார் என் புத்தகத்தத் தூக்கி வாசல்ல போட்டாங்க. அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் அந்த வீட்ல நான் உக்கார ஒரு நாற்காலி வந்துச்சு. நீ பத்து ஆள் வேலைய ஒத்தையா செஞ்சாலும், பட்டம் இல்லன்னா உன்ன கூரைக்கு மேலயே வெச்சிருப்பாங்க."

"அண்ணி, இப்ப நான் கூரைக்குக் கீழதான் இருக்கேன்."

"பேச்ச மாத்தாத."

நாத்தனார் சொன்னதில் பொய் இல்லை. படிக்கவே கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுத்து வைக்கப்பட்டவர்கள் பட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் மேலே வந்தார்கள். அதைக் கேலி பேச யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் வேலை கொடுக்கிறவர்கள், ஏறிவரப் போட்ட அந்த ஏணியையே கழற்றி, கதவுக்குக் குறுக்குக் கட்டையாகப் போட்டுவிட்டார்களே, அதை என்னவென்று சொல்வது?

கேபிளக்கா ஒன்றை மட்டும் இருவரிடமும் சொல்லவில்லை. நிரந்தரம் இல்லாவிட்டாலும் அவளுக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை இருந்தது. எந்தக் கட்டளையை எப்போது தட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அது ஏன் வேலை செய்கிறது என்பது பாதிதான் தெரியும். தடித்த புத்தகம் ஒன்றை ஒருமுறை இரவல் வாங்கி, கணக்கு தொடங்கும் பக்கத்தில் மூடிவைத்துவிட்டாள். அந்தப் பக்கத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற அரிப்பு அவளை விட்டுப் போகவே இல்லை. வயிற்றுப்பாட்டைப் பற்றி வீடே பேசிக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? விழுங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் உடம்பு அவள் சொன்னபடி கேட்கவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்து, அப்படியே மூடினாள். இரண்டு தேர்வுகளின் தேதியையும் போனில் எடுத்து எடுத்துப் பார்த்தாள், ஒன்றாவது தானாக மாறியிருக்கும் என்பதுபோல.

அப்படியே ஒரு நாள், தொலைவில் இருக்கும் கிளை மருத்துவமனையின் பெட்டி ஒன்றில் மாற்றம் செய்ய உட்கார்ந்தாள். தூரத்துப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. 'பத்து நிமிடத்தில் நீயே அணைந்து மறுபடி எழு' என்று முதலில் அதற்கு ஒரு கட்டளை கொடுத்துவிட வேண்டும். மாற்றம் சரியாக அமைந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிடலாம். தவறாகி, நமக்கும் பெட்டிக்கும் இடையே இருந்த பாதையே அறுந்துபோனால், இன்னும் சேமிக்காத அந்த மாற்றம் அழிந்து, பத்து நிமிடத்தில் அது பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். உட்கார்ந்திருக்கும் மரக்கிளையையே வெட்ட வேண்டியிருக்கிறவர்கள் கீழே வலை கட்டிக்கொள்ளும் ஏற்பாடு.

வேலைக்கு வந்த புதிதில் அவள் அதை மறந்திருக்கிறாள். ஒரே வரி தட்டினாள், கிளை மருத்துவமனை மொத்தமும் அவள் திரையிலிருந்து மறைந்தது. இரண்டு பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தபோது, பதிவு ஜன்னலுக்கு முன்னால் நோயாளிகள் வாசல்வரை நின்றிருந்தார்கள். ஒரு கிழவர் இருமிக்கொண்டே அவளுக்கு வழிவிட்டார். அன்றைக்குப் பிறகு அவள் மறந்ததே இல்லை.

இப்போது அந்தக் கட்டளையைத் தட்டிவிட்டு, அவள் கை அப்படியே நின்றது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே இருக்கிறது பத்து நிமிடம்? இந்தப் பக்கம் போய்த் தவறென்றால் திரும்பி வர வழி இல்லை. அந்தப் பக்கம் போனாலும் இல்லை. மருத்துவமனை மேனேஜரின் மகன் இரண்டு கல்லூரி மாறி மூன்றாவதில் சேர்ந்திருக்கிறான். அவர் அதை மழை வெயில் பேசுவதுபோலப் பேசுவார். அவனுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வசதி என்பது அதுதான். தவறு செய்துவிட்டு மறுபடி எழுந்துகொள்ள முடிவது. அது இல்லாதவர்களிடம்தான், முதல் தடவையே சரியாகத் தேர்ந்தெடு என்கிறது உலகம்.

மாற்றத்தை முடித்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் அல்ல. வேலை தெரிந்தவர், சத்தம் போடாதவர்.

"சார், அந்த அறிவிப்புல பட்டம் வேணும்னு ஒரு வரி இருக்கே. அது யார் சொன்னது?"

"ஏம்மா?"

"காரணம் தெரிஞ்சா மனசு கொஞ்சம் ஆறும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "யாரும் சொல்லலம்மா. நான்தான் போட்டேன். போன தடவ அக்கவுண்ட்ஸுக்கு ஆள் எடுத்தோம்ல, அந்த விளம்பரத்த எடுத்து, அக்கவுண்ட்ஸ்னு இருந்த எடத்துல நெட்வொர்க்னு மாத்தினேன். அந்த வரி கூடவே வந்துடுச்சு."

"அப்ப யோசிச்சுப் போடல."

"இல்ல."

"எடுத்துடலாமா சார்?"

"மேல கையெழுத்தாயிடுச்சே. இப்ப எடுத்தா, ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க."

"போடும்போது ஏன்னு கேக்கலியே சார்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கேட்டுப் பாக்கறேம்மா."

அலுவலகங்களில் 'கேட்டுப் பாக்கறேன்' என்றால், வாசலில் நிற்கிற விருந்தாளியிடம் 'இன்னொரு நாள் சாவகாசமா வாங்க' என்பதுபோல. கேபிளக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இத்தனை நாள் தன்னைப் பிழிந்த பயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய யோசனை, ஏதோ ஒரு நியாயம், குறைந்தபட்சம் ஓர் எதிரியாவது இருப்பான் என்று நினைத்திருந்தாள். ஒருவரும் இல்லை. பூனை குறுக்கே போனதென்று வீடு திரும்புகிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஏன் திரும்பினாய் என்றால், வழக்கம் அப்படி என்கிறான். படித்தவர்கள் கூடி அச்சடித்து ஒட்டிய வரிக்கு அதைவிட நல்ல காரணம் இருந்ததா?

ஞாயிறு காலை இரண்டு அனுமதிச் சீட்டுகளையும் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று கணவர் வேனை எடுத்தார். குழந்தைகளின் பென்சில் சீவலும் பிஸ்கட் தூளும் காலடியில் நெறுநெறுத்தன. பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. இடது பக்கம் சான்றிதழ் மையம். வலது பக்கம் கல்லூரி.

"எந்தப் பக்கம்?" என்றார்.

அவள் பையைத் திறந்து இரண்டு சீட்டுகளையும் எடுத்தாள். பின்னால் ஒரு லாரிக்காரன் இப்போதே ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான்.

"நீ எந்தப் பக்கம் சொன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லு. பச்சை விழுந்தா அவன் என் மேலயே ஏத்திடுவான்."

"வலது பக்கம் போகணும்னுதாங்க ஆசை" என்றாள். "எடது பக்கம் போங்க."

அவர் சொன்னபடியே ஒன்றும் சொல்லவில்லை. இண்டிகேட்டரைப் போட்டார்.

தேர்வுக் கூடத்தில் முதல் கேள்வியை மூன்று முறை படித்தாள். பிறகு பழகிய தொழில் தானாக வந்து கை கொடுத்தது. முடித்ததும் திரை, தேர்ச்சி என்று காட்டியது. அவளுக்கு வந்தது பாதி மூச்சுதான். நகரத்தின் மறுகோடியில், பெயர் தெரியாத யாரெல்லாமோ தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு மறு பாதியை உள்ளேயே பிடித்துவைத்தது.

நாத்தனார் மாடிப்படியில் காத்திருந்தார். "எந்தப் பக்கம் போன?"

"சம்பளம் இருக்கற பக்கம், அண்ணி."

திட்டு விழும் என்று நின்றாள். நாத்தனார் நகர்ந்து படியில் இடம் விட்டார். "உக்காரு. தப்புன்னு சொல்ல மாட்டேன். என் வயித்தெரிச்சல் உன் மேல இல்ல. அந்த மேனேஜர் கேட்டுப் பாக்கறேன்னாரே, கேட்டாரா?"

"கேட்டிருக்க மாட்டாரு."

"நீ கேட்டியா, கேட்டீங்களான்னு?"

மறுநாள் கேபிளக்கா கேட்டாள். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, ஆள் எடுக்கும் குழுவுக்கு அனுப்பியிருந்ததைத் திரையில் காட்டினார். வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி தவறுதலாக என்னால் சேர்க்கப்பட்டது, நீக்கும்படி கேட்கிறேன் என்று இருந்தது. "ரெண்டு நாளா அனுப்பாம வெச்சிருந்தேன். இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு. திட்டு வாங்கப் போறது நான். நீங்க ஏம்மா வெளிறிப் போறீங்க?"

அவள் விண்ணப்பமும் பட்டம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டபடி அந்தக் குழுவிடம் போயிருக்கிறது. இந்த வாரம் கூடுகிறார்கள். மேசைத் தொலைபேசி ஒவ்வொரு முறை அலறும்போதும், வார்டிலிருந்து கூப்பிடுகிறார்களா மேலிருந்து கூப்பிடுகிறார்களா என்று தெரியாமல் அவள் கை ஒரு நொடி தயங்கித்தான் எடுக்கிறது.

அந்தக் குழுவில் நீங்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு மேசையில், ஆள் தேவை என்று எழுதுகிற கை உங்களுடையதாக இருக்கும். அல்லது எழுதுகிறவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போன தடவை எழுதியதை இன்றே எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு தகுதிக்கும் நேரே, இது எதற்கு என்று கேளுங்கள். பதில் இருந்தால் இருக்கட்டும். பதில் இல்லாத வரியை, யாருடைய ஞாயிற்றுக்கிழமையையாவது அது இரண்டாகப் பிளப்பதற்கு முன்னால், உங்கள் கையாலேயே அடித்துவிடுங்கள்.