படகில் நிற்கக் கூடாது

வேம்புக்கு அன்று ஒரே ஒரு கவலைதான். புருஷன் வைரக்கண்ணு இந்த ஒரு நாளாவது யார் முன்னாலும் எழுந்து நிற்காமல் இருக்க வேண்டும்.

குடியிருப்பு மனைக்குப் பட்டா கிடைத்த மறு வருஷம் அது. மேட்டூர் அணை திறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அவர்கள் ஊரில் வயல்கள் வெடித்துக் கிடந்தன. கொடைக்கானலில் நர்ஸாக இருந்த மகள் தங்கம்மாள் இருவரையும் வரவழைத்திருந்தாள்.

வைரக்கண்ணு விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். "இனிமே கைகட்டி நிக்க மாட்டோம்!" என்று அவர் மேடையில் முழங்கினால் கூட்டம் கைதட்டும். கூட்டம் முடிந்து வரும்போது வரப்பில் மிராசுதார் எதிர்ப்பட்டால், முழங்கிய அதே ஆள் சேற்றில் இறங்கிக் கைகட்டி நிற்பார். வாய் கற்றுக்கொண்டதை முழங்கால் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

காலையில் ஏரிக்கரைப் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "சும்மா கிடக்கவா இவ்வளவு தூரம் வரணும்?" என்றார்.

"ஊர்ல சும்மா கிடந்தா யாராவது கூப்பிடுவாங்கப்பா" என்றாள் தங்கம்மாள்.

வெயில் ஏறியதும் மூவரும் படகில் ஏறினார்கள். இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. மப்ளர் சுற்றிய ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். கரையை விட்டு நாலு துடுப்புத் தூரம் போன பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டேய், வைரக்கண்ணுவா?"

அவர்கள் ஊர் மிராசுதார் பஞ்சநதம். வைரக்கண்ணு விசை தட்டியதுபோல எழுந்து நின்றார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பஞ்சநதத்தின் மடியில் தண்ணீர் தெறித்தது.

"உக்காருய்யா! எல்லாரையும் முழுக வைக்கப் போறியா?" என்று படகோட்டி கத்தினான்.

"உக்காருடா!" என்றார் பஞ்சநதம். படகு மறுபக்கம் சாய்ந்தது. "உக்காருப்பா... நல்லா இருப்பே, உக்காரு!"

தங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். வைரக்கண்ணு உட்கார்ந்தார். வேம்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவிழ்ந்துவிடும் என்று உட்காருவது வேறு, உட்காருவது வேறு.

பிறகு வைரக்கண்ணு படகோட்டியிடம் கேட்டார்: "மதகு எந்தப் பக்கம் இருக்கு?"

"மதகா? எதுக்கு?"

"பின்ன, இந்தத் தண்ணி எந்த வயலுக்குப் பாயுது?"

"எனக்குத் தெரிஞ்சு வயலே இல்ல. படகு விடத்தான் இருக்கு."

"படகு விடவா!" என்று இரண்டு தஞ்சாவூர்க்காரர்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அதில் மிராசுதார் குரல் எது, கூலியாள் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை.

"இருபது வேலி நிலத்துக்குப் பாயுமேடா" என்று பஞ்சநதம் பெருமூச்சு விட்டார்.

"முப்பதுக்குக் குறையாதுங்க."

"இருபதுதான்."

"ஆழத்தைப் பார்க்காமச் சொல்றீங்க."

கரை வந்தது. பஞ்சநதம் இறங்கி, மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வேம்பு புருஷனையே பார்த்தாள். இனி கவிழ ஒன்றுமில்லை. காலடியில் கெட்டியான தரை. வைரக்கண்ணு அவர் முன்னால் போய் நின்றார்.

"முப்பதா? ஒரு போகத்துக்கா?" என்றார் பஞ்சநதம்.

"ஒரு போகம் குறுவை நெல்லுக்குத்தாங்க. கேளுங்க சொல்றேன்." வைரக்கண்ணு ஒரு குச்சியைப் பொறுக்கிக்கொண்டு பெஞ்சில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து மண்ணில் ஏரியை வரைய ஆரம்பித்தார். உட்கார்ந்தது அவருக்கே தெரியவில்லை. பஞ்சநதமும் குனிந்து பார்த்தார்.

அது துணிச்சலா, தண்ணீரைக் குறைத்துச் சொன்ன கோபமா என்று வேம்பு ஆராயவில்லை. முழங்கால் மறந்துவிட்டது, அது போதும். அவளுக்கும் கால் வலித்தது. பெஞ்சருகே போய்ப் பஞ்சநதத்திடம் சொன்னாள்:

"கொஞ்சம் நகருங்க. நானும் உக்காரணும்."

"இருபத்தஞ்சு வரைக்கும் ஒத்துக்கிறேன்" என்று வைரக்கண்ணுவிடம் வாதாடிக்கொண்டே பஞ்சநதம் நகர்ந்தார்.