தம்பிக்குக் கொடுக்காத திருத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிடப் போனால் எங்கள் மேசைக்கு முதலில் தோசை வராது, தாள்தான் வரும். என் கணவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, முந்தைய ஆள் சிந்திய சாம்பாரைத் துடைக்காமலே அதன்மேல் விரிப்பார். மலை ஏறி இறங்குவதுபோல ஒரு கோடும், மேலே பெரிதாக ஓர் எண்ணும் அதில் இருக்கும். அவருடைய காரின் குதிரைத்திறன். பிள்ளையின் ஜாதகத்தைக்கூட அவர் இவ்வளவு பக்தியோடு பார்த்ததில்லை.

அந்த மேசையில் நான்கு ஆண்கள். என் கணவர், அவருடைய தம்பி, பள்ளியில் கூடப் படித்த இரண்டு நண்பர்கள். நான்கு பேரிடமும் ஒரே ரகக் கார், டர்போ வைத்தது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் பத்து வருட உரிமம் முடிந்து, நசுக்கப் போகவேண்டிய நேரத்தில் புதுப்பித்துக்கொண்டவை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் புக்கிட் பாத்தோக்கில் ஒரு பட்டறைக்குப் போய், டைனோ என்று சொல்லும் உருளைகளின்மேல் காரை நிறுத்தி ஓட்டி, எண் வாங்கி வருவார்கள். யாருடைய எண் குறைவோ, அவர் அடுத்த முறை வரைக்கும் மற்றவர்களுக்குத் தே, அதாவது தேநீர், தூக்க வேண்டும். கவுண்டரில் வரிசையில் நின்று, சூடான குவளைகளைத் தட்டில் ஏந்தி வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் வைக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஆண்களின் விளையாட்டு இது. முதலில் சிரித்தேன், பிறகு எரிச்சல் வந்தது.

அந்த வருடம் முழுக்கத் தே தூக்கியவர் தம்பிதான். கெட்டிக்காரர், ஆனால் வாய் கிடையாது. அப்பா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் என் கணவர்தான் அவருக்கு சைக்கிள் ஓட்டவும் கார் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். அண்ணன் சொன்னால் வேதவாக்கு. பொங்கோலில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். மணமுறிவுக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த நீலக் கார் ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை. இப்போது உரிமம் விற்கும் விலையில், அது போனால் இனி அவர் வாழ்நாளில் இன்னொரு கார் கிடையாது. இது அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு தடவை தாள் வந்தபோது தம்பியின் எண் 224. என் கணவருடையது 236. ஒரே கார், ஒரே வயது, ஒரே நாளில் ஓட்டியது. தம்பி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் இஞ்சின் செத்துக்கிட்டு இருக்கு போலண்ணே" என்றார்.

"சோர்ந்துபோச்சுடா. பூஸ்ட் ஏத்திப் பாரு" என்றார் என் கணவர், வடையைப் பிட்டுக்கொண்டே.

பூஸ்ட் ஏற்றுவது என்றால், டர்போ இஞ்சினுக்குள் இன்னும் அழுத்தமாகக் காற்றைத் திணிக்கச் சொல்வது. சக்தி கூடும். வயதான இஞ்சின் தாங்குமா என்பது வேறு கதை.

அடுத்த முறை அவர்கள் பட்டறைக்குப் போன நாளில் நானும் மாட்டிக்கொண்டேன். சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். "வழியிலதானே, பத்து நிமிஷம்" என்றார். பத்து நிமிடம் என்று அவர் சொன்னால் நான் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டும். தம்பி காலையிலேயே வந்து ஓட்டிவிட்டுப் போயிருந்தார்.

பட்டறை முழுக்க எரிந்த ரப்பர் நாற்றம். எனக்குக் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ கையைத் துடைத்திருந்தார்கள். காரைப் பட்டைகளால் இழுத்துக் கட்டி, முன்னால் ஆள் உயர மின்விசிறியைச் சுழலவிட்டு, இருந்த இடத்திலேயே நூற்றெண்பதில் ஓட்டினார்கள். காது அடைத்துவிட்டது. புடவை ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வெப்பமானிகளையும் காற்றழுத்தமானிகளையும் சோதித்துச் சரி என்று முத்திரை குத்தும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பமானி அரை டிகிரி தப்பாகக் காட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் அங்கிருக்கும் உணரியைத்தான் தேடும். அங்கேயும் ஒன்று இருந்தது. விசிறிக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா தொங்கியது, அதிலிருந்து கணினிக்கு ஒரு வயர்.

அது எதற்கென்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். எல்லாரும் பாஸ் என்று கூப்பிடும் மனிதர், நல்ல சிரித்த முகம்.

"ரூம் சூடு, ஈரம் எல்லாம் பாக்கும் சிஸ்டர். சிங்கப்பூர்ல காத்து சூடு, ஈரமும் ஜாஸ்தி. இஞ்சினுக்கு அந்தக் காத்துல சத்து கம்மி. அதனால வண்டி இங்க கொஞ்சம் கம்மியாத்தான் இழுக்கும். குளுகுளுன்னு இருபத்தஞ்சு டிகிரி இருந்தா எவ்வளவு இழுத்திருக்கும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கூட்டிக் குடுக்கும். அதுதான் கரெக்டட் நம்பர். உருளை நெஜமா பாத்தது அன்கரெக்டட்."

எனக்குப் புரிந்தது. இதில் ஒரு தப்பும் இல்லை. மழை நாளில் ஓட்டிய காரையும் வெயில் நாளில் ஓட்டிய காரையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமே. டர்போ வைத்த கார்கள் சூட்டைத் தாங்களே கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும், அவற்றுக்கு முழுத் திருத்தத்தையும் கூட்டினால் அது சலுகைக்குமேல் சலுகை. அதையும் மன்னித்துவிடலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கூட்டினால்.

அப்போதுதான் என் கணவர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. கம்பியிலிருந்து கறுப்பு டப்பாவைக் கழற்றினார். திறந்திருந்த பானட்டுக்குள், கொதிக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில், ஒரு கந்தல் துணியின்மேல் அதைப் பூப்போல வைத்தார். பாஸ் கண்டும் காணாததுபோல விசையை அமுக்கினார். கார் மறுபடி அலறியது. பட்டறைக்குள் ஐம்பது டிகிரி என்று கணினி நம்பிவிட்டது. பாவம் இந்தக் கார், இவ்வளவு அனல் காற்றிலா ஓடுகிறது என்று இரக்கப்பட்டு எண்ணைத் தூக்கிக் கொடுத்தது. மறுபடி 236.

"திருத்தாம எவ்வளவு?" என்று கேட்டேன்.

பாஸ் ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் 221 வந்தது.

"தம்பிக்கு இன்னிக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"அவருக்கு அதே 224. அன்கரெக்டட்."

"ஏன், அவருக்கு மட்டும்?"

"உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு. தம்பிக்கு ராவாவே குடுங்க பாஸ்னு. எப்பவுமே அப்படித்தான். ரெண்டும் உண்மை நம்பர்தான் லா சிஸ்டர், நான் எதையும் மாத்தலையே."

அவர் சொன்னது சரிதான், கணினியில் அவர் எதையும் மாற்றவில்லை. தம்பியின் கார் என் கணவருடைய காரைவிட மூன்று குதிரை முன்னால் இருந்தது. ஆனால் ஒரு வருடமாக அந்த மனிதர் தட்டைத் தூக்கிக்கொண்டு, என் இஞ்சின் செத்துக்கொண்டிருக்கிறது என்று வருந்திக்கொண்டிருந்தார்.

நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

"ஏம்மா இதைப் பெருசு பண்ற? சும்மா விளையாட்டு" என்றார்.

"அவர் பூஸ்ட் ஏத்தப் போறாருங்க. இஞ்சின் போச்சுன்னா?"

"அவன் பயந்தாங்கொள்ளி, ஏத்தமாட்டான்."

"நாளைக்கு அவர்கிட்ட நீங்களே சொல்லணும்."

"சரி, சொல்றேன்" என்றார். அந்தச் சரியில் எனக்கு நம்பிக்கை இல்லை. விருந்தில் அவர் மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் கைப்பேசியில் 236-ஐக் காட்டிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இவரோடு இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து, பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் அதே மேசை. தம்பி தேத் தட்டோடு வந்தார், ஒவ்வொருவர் முன்னாலும் குவளையை வைத்தார், எனக்கும் வைத்தார். உட்கார்ந்ததும், "புதன்கிழமைக்கு பாஸ்கிட்ட சொல்லிட்டேண்ணே. பூஸ்ட் ஏத்திடலாம்னு. பழைய இஞ்சின், ரிஸ்க்தான்னு சொன்னாரு. பரவாயில்லைன்னுட்டேன்" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வடையைச் சாம்பாரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம் காத்திருந்தேன். அவர் மென்று விழுங்கினார்.

"தம்பி, உங்க கார்தான் முன்னால இருக்கு" என்றேன்.

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பரீட்சைன்னு வச்சுக்குங்க. நீங்க எழுதின மார்க்கை அப்படியே குடுத்திருக்காங்க. இவங்களுக்கு எல்லாம், காய்ச்சலோட எழுதினாங்கன்னு கருணை மார்க் போட்டிருக்கு. அதுலயும் உங்க அண்ணன், தெர்மாமீட்டரைச் சுடு தேத்தண்ணியில முக்கிக் காய்ச்சல்னு காமிச்சிருக்காரு. நான் பட்டறையில என் கண்ணால பாத்தேன். கருணை மார்க் இல்லாம அவருக்கு 221. நீங்க 224. உங்க இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல, அதை விட்டுடுங்க."

நண்பர்களில் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. தாளையும் எடுத்துப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார்.

"நெஜமாண்ணே?"

இத்தனை வருடத்தில் என் கணவரிடமிருந்து நான் ஒரு வார்த்தைக்காக இப்படிக் காத்திருந்தது கிடையாது. ஆமாண்டா என்றால் போதும். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணிக்கு லேப் புத்தி. அரை டிகிரிக்கெல்லாம் சண்டை போடுவா. அதெல்லாம் ரெண்டு மூணு நம்பர்தான்டா வித்தியாசம் வரும், பன்னெண்டு வராது. பயமா இருந்தா ஏத்தாதே, விடு."

பயமா இருந்தா. தம்பி தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து அந்தச் சாம்பாரை என் கணவர் சட்டையில் ஊற்றியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை தம்பியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க அக்கறையிலதான் சொல்றீங்கண்ணி, தெரியுது. ஆனா அண்ணன் எனக்கு அப்படிச் செய்யமாட்டாங்க" என்றார். அவருக்கு இஞ்சின்மேல் இருந்த சந்தேகத்தில் கால்வாசி அண்ணன்மேல் இருந்திருந்தால் போதும்.

புதன்கிழமை பூஸ்ட் ஏற்றினார். சில வாரம் அந்த நீலக் கார் பறந்தது என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, சிலேத்தார் விரைவுச்சாலையில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பிஸ்டன் உடைந்து உள்ளே எல்லாவற்றையும் கிழித்திருந்தது. அந்தப் பழைய வண்டிக்கு இன்னொரு இஞ்சின் தேடிப் போடுவதில் அர்த்தமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நசுக்கத்தான் போயிற்று.

இழுவை வண்டியின்மேல் கார் நிற்கும் படத்தைத் தம்பி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். அதன்கீழ் என் கணவர் ஓர் அழுகை முகம் போட்டார். மஞ்சள் முகம், நீலக் கண்ணீர். பக்கத்து சோபாவில் உட்கார்ந்து அவர் அதைத் தேர்ந்தெடுத்து அழுத்தியதை நான் பார்த்தேன். எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"கடைசியில நான் என்ன சொன்னேன்?" என்று கதவுக்கு வெளியே கேட்டார். "நான் விடுன்னுதானே சொன்னேன்?" பட்டறைக்காரரின் அதே கணக்கு. சொன்னது எல்லாம் உண்மை.

அடுத்த ஞாயிறு தம்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பொங்கோலிலிருந்து ரயிலில் வந்தார், முதுகில் ஒரு பை. மேசையில் அன்று யாரும் தாள் விரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தோசையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினார்கள். பிறகு நண்பர்களில் ஒருவர், ஏதோ செய்ய வேண்டும்போலத் தோன்றியிருக்க வேண்டும், "இன்னிக்கு நான் தே எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தார்.

தம்பி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீங்க உக்காருங்க. எனக்குத்தான் இப்ப நம்பரே இல்லையே."

கிண்டலாகச் சொல்லவில்லை. விதி அப்படி, அதனால் போகிறேன் என்பதுபோலச் சொல்லிவிட்டு வரிசைக்குப் போனார். தட்டைத் தூக்கி வந்து, முதல் குவளையை அண்ணனுக்கு முன்னால் வைத்தார், பிடி அண்ணனின் வலக்கைப் பக்கம் வரும்படித் திருப்பி. எனக்கு வைத்ததை நான் தொடவில்லை.

என் கணவர் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சீனி கம்மியா இருக்கே" என்றார்.

தம்பி குவளையை வாங்கிக்கொண்டு மறுபடி கவுண்டருக்குப் போனார்.